டபுள்நட்டு பாயும் மாப்பிள்ளையின் பெல்ட்டும்

பூமி இத்தனை கோடி வருஷமாகச் சுற்றியும் அச்சிலிருந்து கழன்று விழாமல் இருப்பதற்கு விஞ்ஞானிகள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். பூந்தமல்லிக்காரர்களான எங்களுக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். டபுள்நட்டு பாய் எப்போதோ ஒரு நாள் போய், அந்த அச்சில் இரண்டாவது நட்டையும் போட்டு முடுக்கிவிட்டு வந்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டீக்கடையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய மெக்கானிக் ஷாப். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஒரு நட்டு போதும் என்று உலகம் சொல்லும் இடத்தில் ரெண்டு போடுவார். ஸ்டூலுக்கு ரெண்டு. சைக்கிள் பெல்லுக்கு ரெண்டு. டிபன் கேரியர் கைப்பிடிக்கும் போட்டு வைத்திருந்ததால், மத்தியானம் பசித்தால் முதலில் ஸ்பானரைத் தேடுவார்.

அவரிடம் எங்கள் குடும்ப மானம் நாலு நாள் அடமானமாகக் கிடந்த கதை இது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாட்ச்மேன். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கார் ஒன்று ஷெட்டில் பத்து வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதலாளி சாவியை அப்பாவிடம் கொடுத்து, "ஓடுச்சுன்னா உனக்கு" என்றார். அப்பா அன்றைக்கே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி, சம்பந்தி வீட்டில் அறிவித்துவிட்டு வந்தார்: "மாப்பிள்ள அழைப்பு ஃபாரின் கார்ல!" ஓடுமா என்ற யோசனை திரும்பி வரும் பஸ்ஸில்தான் வந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, "பூந்தமல்லில ஃபாரின் காரா? பாக்கத்தானே போறோம்" என்றாராம். அந்தச் சிரிப்பு அப்பாவின் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு போய் பாயிடம் விட்டோம். மூன்றே வாரத்தில் இன்ஜினை உறும வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. புதன்கிழமை நானும் அப்பாவும் வண்டி எடுக்கப் போனோம்.

"வண்டி ரெடியா பாய்?"

"ரெடி. ஆனா தரமாட்டேன்."

"இன்னா பாய் வெளையாட்ற?"

பாய் பின்சீட்டை அப்படியே தூக்கிக் காட்டினார். "இத்தப் பாரு. பெல்ட்டு மாட்ற எடம். நாலு ஓட்ட கீது. போல்ட்டு இல்ல, பக்கிள் இல்ல, பெல்ட்டும் இல்ல. எவனோ கழட்டிக்கினு பூட்டான்."

முன்சீட்டு பெல்ட்டே தோரணம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்சீட்டுல யாரு பாய் பெல்ட்டு போட்றாங்க?"

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். "முன்னாடி ஒக்கார்றவன் மனுசன், பின்னாடி ஒக்கார்றவன் மூட்டையா? யாரு நைனா பின்னாடி ஒக்கார்றது? பொம்பளைங்க, கொயந்தைங்க, வயசானவங்க. வண்டி வாங்கறவன் அவங்கள ஒரு வார்த்த கேக்கறானா?"

"பாய், இது மாப்பிள்ள அழைப்பு! நாயனக்காரர் முன்னாடி நடப்பாரு, காரு அவரு பின்னாடி ஊரும். கெயவி நடந்தா காரை முந்திக்கினு பூடுவா!"

"நாயனக்காரரு தடுக்கி வுயுந்தா?"

அப்பா விழித்தார்.

"டிரைவர் பிரேக்கு அடிப்பான். மாப்பிள்ள மூஞ்சி எங்க போயி இடிக்கும்? நீயே சொல்லு."

சாவி இல்லாமலே திரும்பி, பெல்ட்டைக் கழற்றியவரைத் தேட ஆரம்பித்தோம்.

முதல் தகவல் வியாழக்கிழமை கிடைத்தது. பெல்ட்டுகளைக் கழற்றியவர் கம்பெனி கேன்டீன்காரர். பக்கிளையும் போல்ட்டையும் எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டு, பட்டையை மட்டும் வைத்து சைக்கிள் கேரியரில் பால் கேன் கட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் பால் சுமந்தும் ஒரு நூல் பிரியவில்லை. பாய் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து, முழங்காலில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "பால் குடிச்சி வளந்த பெல்ட்டு. கெட்டியாத்தான் கீது" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

பாடுபடுத்தியது போல்ட்தான். நம்மூர் போல்ட்டில் பத்து எம்.எம். போட்டால் தொளதொள. பன்னிரண்டு போட்டால் வாசலோடு நிற்கும். வெள்ளைக்காரன் இன்ச் கணக்கில், நெருக்கமாக மரை போட்டு வைத்திருந்தான். பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இந்த மரையா? இல்லப்பா" என்றார்கள்.

நான் அப்போது டிப்ளமா முடித்து, எஸ்டேட்டில் லேத் ஷாப்பில் சேர்ந்த புதுசு. லேத் இருந்தால் நிலாவைக்கூடக் கடைந்துவிடலாம் என்று நம்பிய வயசு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் நாலு போல்ட் கடைந்து, பஸ்ஸில் வந்து, பாயின் உள்ளங்கையில் வைத்தேன். வெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கின.

"சூப்பரா கீது தம்பி. வா, கேட்டுப் பாக்கலாம்."

"யாரை பாய்?"

"போல்ட்டத்தான்."

கொட்டகை உத்தரத்தில் இரும்புத் தகடு. தகட்டில் என் போல்ட். போல்ட்டில் பெல்ட்டின் ஒரு முனை, மறு முனையில் ஒரு பழைய லாரி இன்ஜின். செயின் பிளாக்கில் இன்ஜினை உத்தரம் வரைக்கும் ஏற்றினார். டீக்கடை மாஸ்டர் எட்டிப் பார்த்து, "பாய், இன்னா பண்ற? அந்தாண்ட என் பெஞ்சு கீது!" என்று கத்தினார்.

"பெல்ட்டு புடிச்சிக்கும் மாமே, பயப்படாத" என்று சொல்லிவிட்டு, கொக்கியைத் தட்டிவிட்டார்.

பெல்ட் பிடித்துக்கொண்டது. போல்ட்தான் 'டப்' என்று ரெண்டாகப் போனது. இன்ஜின் ஆடிய வேகத்தில் தகரத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு டீக்கடைக்குள் போய், ஒரு ஆள் அப்போதுதான் எழுந்து போன பெஞ்சில் உட்கார்ந்தது. பெஞ்ச் படுத்துவிட்டது. மாஸ்டர் பால் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார்.

பாய் அசரவில்லை. உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாத்தியா தம்பி? ஒனக்கு டிப்ளமா கீது. போல்ட்டுக்கு இல்ல."

சனிக்கிழமை காலையில் அப்பா தனியாகவே வந்து கொட்டகை வாசலில் நின்றார். சலவைச் சட்டை, கையில் வெற்றிலைத் தட்டோடு கல்யாணப் பத்திரிகை. நான் உள்ளே போல்ட் டப்பாக்களைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.

"பாய், நான் வாட்ச்மேன். கேட்டுக்குள்ள எந்தக் காரு வந்தாலும் எய்ந்து சல்யூட் அடிக்கிறவன். ஒரே ஒரு நாளு, நான் சொன்ன வார்த்த அந்த ஊர்க்காரங்க முன்னாடி வந்து நிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

பாய் ஸ்பானரை எடுத்துக்கொண்டார். கொட்டகையின் பின்பக்கம் போனார். நானும் போனேன். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய சொந்தக் கார். உடைத்துப் போட்ட வெளிநாட்டு வண்டிகளிலிருந்து ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கிச் சேர்த்து, வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்த வண்டி. பின்கதவைத் திறந்து, சீட்டைத் தூக்கி, ஒவ்வொன்றாக நாலு போல்ட்டையும் ரெண்டு பக்கிளையும் கழற்றினார். எல்லாம் அதே இன்ச் மரை.

"பாய், அப்ப உங்க வண்டிக்கு?"

"எனக்குப் பின்னாடி யாரு ஒக்காரப் போறா தம்பி? ஒண்டி ஆளு. முன்னாடி ஒண்ணு கீது, போதும்."

எங்கள் காருக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெண்டாவது நட்டைப் போட்ட பிறகுதான் சாவி கை மாறியது.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. பெரியப்பா மகன் ஓட்டினான். பின்சீட்டில் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் தாய்மாமன். ரெண்டு பேருக்கும் பாயே பெல்ட் மாட்டிவிட்டார். "என்னய்யா இது, கொலைக் கேஸுல புடிச்ச மாதிரி?" என்று மாமன் முனகியதை நாயனம் முழுங்கிவிட்டது. அரை கிலோமீட்டர் தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடந்தது கார். ராக்கெட்டில் ஏறப் போகிறவர் மாதிரி மாப்பிள்ளை கட்டுண்டு உட்கார்ந்திருக்க, பின்கதவில் கை வைத்தபடி பாய் கூடவே நடந்தார். நாயனக்காரர் கடைசிவரை தடுக்கி விழவில்லை.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு ரெடி. மாமன் இறங்கிவிட்டார். மாப்பிள்ளை பட்டனை அழுத்தினார். வரவில்லை. பெரியப்பா மகன் அழுத்தினான். வரவில்லை. ரோஜா மாலையின் ஜிகினா நூல் பக்கிளுக்குள் போய் முறுக்கிக்கொண்டிருந்தது. கூட்டம் காரை மொய்த்தது.

"கத்தி கொண்டாங்கடா, அறுத்துத் தள்ளலாம்! வாசல்லயே கட்டிப் போட்டா என்ன சகுனம் இது?" என்றார் மாமன். சமையல்காரர் காய் நறுக்கும் கத்தியோடு ஓடி வந்தார். 

பாய் கதவை மறித்து நின்றார். "அறுக்கக் கூடாது சார். அறுத்துட்டா அப்பறம் அது பெல்ட்டு இல்ல, கவுறு."

உள்ளேயிருந்து மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்: "விடுங்க மாமா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. உள்ள போனா நிக்க வெச்சே போட்டோ எடுப்பாங்க. இங்க வசதியாத்தான் இருக்கு."

அதற்குள் சேதி உள்ளே போய்விட்டது. பாதி பின்னிய சடையோடு அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். பெரியவர்கள் 'ஏய், ஏய்' என்பதற்குள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி நீட்டினாள். "பாய், இது ஆவுமா பாருங்க."

பாய் ஹேர்பின்னை வளைத்து உள்ளே விட்டு, ஜிகினாவை இழை இழையாக வெளியே எடுத்தார். 'டிக்.' அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் போட்ட கூச்சலில் என்னவோ ஏதோ என்று நினைத்த மேளக்காரர் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். பாதிப் பேர் அட்சதையைத் தேடினார்கள்.

மாமன் பக்கிளை ஒரு தடவை தானே மாட்டிக் கழற்றிப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் கை போட்டு, "காரு கெட்டிதான்யா. நீ சொன்ன மாதிரியே கொண்டாந்துட்ட" என்றார். அப்பா விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். மாமன் பதறிப்போய்த் திருப்பி அடித்தார்.

திங்கள்கிழமை காலையில் அதே காரில் அக்கா காஞ்சிபுரம் புறப்பட்டாள். அம்மா அழுதாள், அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு பாய் பின்கதவு வழியாகக் குனிந்து, பெல்ட்டை மாட்டி, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இறுக்கமா இருக்குதாம்மா?"

"இருக்கு பாய்."

அவ்வளவுதான். கார் ட்ரங்க் ரோட்டில் திரும்பி மறைந்துவிட்டது. கதவைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் அந்த உயரத்திலேயே காற்றில் நின்றுகொண்டிருந்தது. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.