தேவசகாயனார் விண்டோஸ் மாற்றிய படலம்

உப்புக் கரிக்கும் வங்கக் கடலை ஒருபுறம் உறிஞ்சி, மறுபுறம் சென்னைப் பட்டணத்தார் பல் துலக்கவும் பருப்பு வேகவைக்கவும் தக்க நன்னீராக்கி அனுப்பும் நெம்மேலி ஆலையின் பம்பு ஆபரேட்டர்; மூன்று ஷிப்டும் கண்ட முதுபெரும் வீரர்; மஞ்சள் ஹெல்மெட்டை மணிமுடியாய்த் தரித்தவர்; மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடும் தகைமையர்; கேளம்பாக்கத்தில் இரண்டாம் மாடி ஆளும் தேவசகாயனார் வாழ்க. அவர் புகழ் பாடப் புகுந்த இந்த நா குழறாதிருக்க, கரண்ட்டைக் காக்கும் காவல் தூதர்கள் துணை நிற்க. டிவிக்குப் பின்னால் பச்சைக் கண் சிமிட்டும் மோடமும் மனமிரங்குக. கடலையே வடிகட்டத் தெரிந்த அக்கோமகனால் வடிகட்ட இயலாத கசப்பு ஒன்று அவர் வீட்டு ஹாலிலேயே இருந்தது. அதன் பெயர் ஸ்பைடர் சீட்டாட்டம்.

அறியாதார் பொருட்டு அதன் இலக்கணம் கூறுவோம். கம்ப்யூட்டர் திரையில் பத்து வரிசையாய்ச் சீட்டுகள் கலைந்து கிடக்கும். அவற்றை ராஜா தொடங்கி ஏஸ் ஈறாக வகைப்படுத்தி அடுக்கி முடித்தால் வெற்றி. நகர்த்த வழியின்றி அடைபட்டால் தோல்வி. யார் எத்தனை முறை தொடர்ந்து வென்றார் என்பதை அக்கம்ப்யூட்டர் எவ்விதத் தாட்சண்யமும் இல்லாமல் எண்ணி வைத்திருக்கும். மகள் சிநேகா காலேஜ் போன காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், கம்ப்யூட்டர் தங்கிவிட்டது. ஏழாம் விண்டோஸ் ஆட்சி புரிந்த அதனுள், கணவனுக்கொன்று மனைவிக்கொன்று என இரு லாகின் வாசல்கள் இருந்தன.

மனைவியின் வாசலில் வீற்றிருந்தவர் ரெஜினா அம்மையார். மெயின் ரோட்டு மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் காலை முதல் மாலை வரை நின்றபடியே, டாக்டர்கள் கோழி கிண்டியதுபோல் கிறுக்கித் தள்ளும் மருந்துச் சீட்டுகளை ஒரு மாத்திரை பிசகாமல் வாசித்தெடுக்கும் கூரிய கண்ணினர். அந்தக் கண்ணுக்குக் கலைந்த ஐம்பத்திரண்டு சீட்டு எம்மாத்திரம்? நூற்றுநான்கு சீட்டுத்தான் எம்மாத்திரம்? வேலைவிட்டு வந்து, காபி ஆறுவதற்குள் ஒரு படையைச் சாய்த்துவிட்டு அரிசி களையப் போவார்.

இந்தப் பகை சபையேறியது மாதா கோயில் திருவிழாவன்று. பிரியாணி உண்ட உறவினர் கூட்டம் ஏப்பம் விட்டு அமர்ந்திருந்த வேளையில், சிநேகாவின் கல்யாணப் போட்டோக்களைக் காட்டக் கம்ப்யூட்டரைத் திறந்தான் ஜெரோம். ரெஜினாவின் தம்பி; ஓஎம்ஆரில் சாப்ட்வேர் உத்தியோகம் பார்ப்பவன்; நாக்கில் எலும்பில்லாதவன். போட்டோவோடு நிற்காமல் அக்காளின் வெற்றிக் கணக்கைத் திறந்தான், மாமனின் கணக்கையும் திறந்தான், கூட்டம் முழுவதும் கேட்கும்படி வாசித்தான்.

"இன்னா மாமா, அக்கா வரிசையா நூத்திப் பதினேழு கெலிச்சிகீது. நீ இன்னும் மூணுலயே நிக்கிற?"

சிரித்தது கூட்டம். சிரிக்காதவர் ரெஜினா ஒருவரே. அவர் பாயசக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார். வென்றவர் சிரித்திருந்தாலாவது திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனதில் தேவசகாயனாருக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

அதன் பின்னர்தான் தூதன் வந்தான். உண்மையில் அவன் மாதக்கணக்காக வந்துகொண்டுதான் இருந்தான், திரையின் மூலையிலிருந்து குதித்தெழுந்து, "உமது ஏழாம் விண்டோஸ் மூப்படைந்தது, அதற்கினிப் பாதுகாப்பில்லை, பத்தாம் விண்டோஸுக்கு மாறுவீராக" என்று அறைகூவுவான். அவனைப் பார்த்த மாத்திரத்தில் பெருக்கல் குறியை அழுத்திக் கொசுவை அடிப்பதுபோல் அடித்துவிடுவது நம் தலைவரின் வழக்கம். அன்றோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி முதன்முதலாக முழுவதும் வாசித்தார். வாசித்தவர் ஜெரோமுக்குப் போன் போட்டார்.

"டேய், புச்சு போட்டா பழைய கேமெல்லாம் இன்னா ஆவும்?"

"அதெல்லாம் பூடும் மாமா. வேணும்னா புச்சா டவுன்லோடு பண்ணிக்கலாம். ஸ்கோரு கீரு எல்லாம் சீரோலேந்து."

சீரோ. அந்தச் சொல் செவியில் பாய்ந்ததும் தேவசகாயனாரின் நெஞ்சம் மோட்டார் போட்ட ஓவர்ஹெட் டேங்க் போல நிரம்பியது. நூற்றுப் பதினேழும் போகும், மூன்றும் போகும். அழிவது இரண்டுமே என்றாலும் அழிவதில் யாருக்கு நட்டம் என்பதைக் கணக்கிட அவருக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. ஆயினும் பெருவீரர் எவரும் உள்ளதை உள்ளபடி சொல்லிப் போருக்குப் போவதில்லை. அன்று மாலை, ரெஜினா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையலறை வாசலில் நின்று, குடும்பத்தின் பாதுகாப்பு, நாட்டின் இறையாண்மை, வங்கிக் கணக்கின் கற்பு ஆகியவற்றை முன்வைத்து அவர் விடுத்த பேரறிவிப்பு, சொல்லுக்குச் சொல் வருமாறு:

"ரெஜி, வைரஸ் சுத்திகினு கீதாம். விண்டோஸ மாத்திடலாமா?"

"மாத்தேன். எனுக்கு இன்னா."

பத்து நியாயங்களைத் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றைக்கூட எடுக்க விடாமல் வெங்காயத்தோடு சேர்த்து நறுக்கிவிட்டார் அம்மையார். மறுத்திருந்தால் துணிந்திருப்பார், சம்மதித்ததால் குழம்பினார். எதிரி கோட்டைக் கதவைத் தானே திறந்துவைத்தால் உள்ளே என்ன இருக்குமோ என்ற அச்சம் யாருக்கும் வருமல்லவா?

ஆகவே மந்திராலோசனை கூடியது. வீட்டுக்குக் கீழே மொபைல், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்தும் பஷீருதீன் பாய், நுண்ணிய திருப்புளிகளை அம்புகளைப் போல் அடுக்கி வைத்திருப்பவர், டீயை உறிஞ்சியபடி எதிர்த்தரப்பு வாதம் வைத்தார்.

"அண்ணாத்த, வயசான மிஷினு. ஏதோ ஓடிகினு கீது. ஓடுறத ஏன் தொடுற? பேஜாரு ஆச்சுன்னா என்கிட்டதான் தூக்கினு வருவ. அப்டி இன்னா அவசரம்?"

அவசரம் என்னவென்று சொல்லாமல் இன்னொரு டீக்குச் சொன்னார் தலைவர். ஜெரோமோ நாளுக்கு இருமுறை போன் செய்து, மாறாவிட்டால் ஹேக்கர் வந்து வங்கியைத் துடைத்துக்கொண்டு போவான் என்றான். இவ்விருவருக்கும் இடையே, திங்கட்கிழமை மாற்றுவதென்றும் செவ்வாய்க்கிழமை வேண்டாமென்றும், காலை ஷிப்டுக்குப் போகையில் துணிந்தும் திரும்பி வருகையில் தளர்ந்தும், சாப்பிடும்போது சரியென்றும் கைகழுவும்போது சரியில்லையென்றும், கோவளத்து அலை வந்து வந்து போவதுபோல் அலைக்கழிந்தது அவர் உள்ளம். ஆலையில் பிரஷர் மீட்டரின் முள்ளிடம்கூட மனத்துக்குள் யோசனை கேட்டார். அது நட்ட நடுவில் நின்றது.

சனிக்கிழமை மாலை வந்தது. மருந்துக்கடையிலிருந்து திரும்பிய ரெஜினா, வீங்கிய கால்களை முக்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார். நின்று நின்று கணுக்காலில் செருப்பு வார் பதிந்திருந்தது. ஒரு கையில் காபி, மறுகையில் மவுஸ், முகத்தில், நாள் முழுவதும் இல்லாத ஒரு நிம்மதி. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயனாருக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. இவளுக்கென்று ஒரு நாளில் இருப்பது இந்த அரைமணி. இதில் மண்ணைப் போடவா இத்தனை தந்திரம் என்று தம்மையே கடிந்துகொண்டார். படைகலைப்பு அறிவித்துவிட நா எழுந்தது. அந்நேரம் பார்த்துத் திரையில் வெற்றி வாணவேடிக்கை வெடித்தது. ரெஜினா திரும்பிக்கூடப் பார்க்காமல், காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்னொண்ணு" என்றார்.

அவ்வளவுதான். எழுந்த நா படுத்துக்கொண்டது. நாளை போர் என்று முடிவாயிற்று.

ஞாயிறு பூசை முடிந்து, வஞ்சிரத்துக்கு மசாலா அரைபடும் மணம் படிக்கட்டு வரை இறங்கிய உச்சிப்பொழுதில், ஜெரோம் பென்டிரைவை உறையிலிருந்து உருவினான். பஷீருதீன் பாய், வேண்டாமென்று சொன்னவர்தான், வேடிக்கை பார்ப்பதற்காகக் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மேலே வந்திருந்தார். "ஏற்கிறீர்களா?" என்று திரை வினவ, ஒரு பக்கமும் வாசிக்காமல் "ஏற்கிறேன்" என்று கர்ஜித்தது தேவசகாயனாரின் ஆள்காட்டி விரல். தொடங்கியது சமர். ஒரு விழுக்காடு, இரு விழுக்காடு என ஊர்ந்தது சேனை. பதினேழில் பாசறை இறங்கிப் படுத்தது. முப்பதில் தானே அணைந்து தானே உயிர்த்தது. அறுபதில் வெளியே லாரி ஒன்று ஹாரன் அடிக்க அனைவரும் திடுக்கிட்டனர். எண்பதில் மின்விசிறி தளர்ந்து, விளக்கு மங்கி, யுபிஎஸ் கீச்சுக்குரலெடுத்து ஓலமிட, தேவசகாயனார் சிலுவை போட்டுக்கொண்டார், பஷீருதீன் பாய் "யா அல்லா" என்றார், ஜெரோம் தன் கம்பெனியில் கற்ற அத்தனை வித்தையையும் மறந்து யுபிஎஸ்ஸைத் தட்டிக்கொடுத்தான். மங்கிய விளக்கு மீண்டும் தெளிந்தது. கரண்ட் போகவில்லை. தொண்ணூற்றொன்பதில் அரைமணி நின்று மூவரின் பொறுமையையும் சோதித்த அந்தத் திரை, நீலவானம்போல் அகன்று விரிந்து, இத்தனை அல்லலுக்கும் கைம்மாறாக ஒரே ஒரு சொல் சொன்னது: "ஹாய்."

தேவசகாயனார் விரைந்து தேடினார். பழைய விளையாட்டுக் கூடம் இருந்த இடமே தெரியவில்லை. நூற்றுப் பதினேழும் அதன்பின் சேர்ந்தவையும் காற்றோடு போயின. பொங்கிவந்த களிப்பைத் தொண்டைக்குக் கீழே அடக்கி, துக்க வீட்டுக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"ரெஜி, உன் ஸ்கோரெல்லாம் பூடுச்சே."

ரெஜினா மீனைத் திருப்பிப் போட்டார்.

"பூடட்டும். எப்படியும் நியூ இயர்க்கு நானே அழிச்சிருப்பேன்."

"அழிச்சிருப்பியா?"

"வருஷா வருஷம் அழிக்கிறதுதானே. நியூ இயர் பூசை முடிஞ்சி வந்து மொத வேலையா சீரோ பண்ணிடுவேன். கீழ ரீசெட்டுனு ஒரு பட்டன் கீதே, அத தட்டுனா போச்சு. புது வருஷத்துல பழச இன்னாத்துக்கு வெச்சிகினு? நீ பாத்தது இந்த வருஷத்துது."

இந்த வருஷத்துது. அப்படியானால் போன வருஷத்து நூறுகள் எத்தனை, அதற்கு முந்தைய வருஷத்து நூறுகள் எத்தனை, ஒவ்வொரு புத்தாண்டிலும் தாம் கேக் தின்று உறங்கப் போனபின் ஓசையின்றித் துடைத்தெறியப்பட்ட வெற்றிகள்தாம் எத்தனை என்று எண்ணப் புகுந்த தேவசகாயனார், எண்ண முடியாமல் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டார். தாம் ஒரு விண்டோஸையே வீழ்த்தி அழித்ததை, இவள் ஒரு பட்டனால் ஆண்டுதோறும் அழித்து, மறுபடியும் கட்டியிருக்கிறாள்.

ரெஜினா அடுப்பைத் தணித்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் இருந்தது.

"திருவிழா அன்னிக்கே உன் மூஞ்ச பாத்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே தட்டியிருப்பேன்ல? இதுக்கு ஜெரோம வேற ஞாயித்துக்கிழமை இட்டாந்து, பாயி கடைய மூடி... போ. புச்சுல நீயே மொதல்ல ஆடு. நான் அப்புறம் வர்றேன்."

தலைகவிழ்ந்து திரும்பினார் தலைவர். ஆனால் ஹாலுக்கு வருவதற்குள் தலை நிமிர்ந்துவிட்டது. ஏனெனில் வையகம் புதிதாய்ப் பிறந்திருந்தது, பகைவர்க்கும் பூஜ்யம் தமக்கும் பூஜ்யம், முதல் அடி தம்முடையது. ஜெரோம் புதிய ஸ்பைடரை இறக்கிக் கொடுக்க, முதலில் ஒரு சோப்புத்தூள் விளம்பரம் ஓடியது. அதையும் அஞ்சாது பார்த்து முடித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், நாற்காலியை முன்னிழுத்தார், பஷீருதீன் பாய் இடப்புறமும் ஜெரோம் வலப்புறமும் அணிவகுக்க, வஞ்சிர மணம் பின்புறம் காக்க, கடலை நன்னீராக்கிய அந்தக் கரத்தால் மவுஸைப் பற்றி, ராஜாவை எடுத்து வெற்று வரிசையில் அமர்த்தி, ராணியை அவன் மடியில் இருத்தி, ஜாக்கியைக் காவலிட்டு, பத்தும் ஒன்பதும் எட்டும் ஏழுமாய்ப் படைகளை அணிமேல் அணியாய்த் திரட்டி, சீட்டுக்கட்டில் எஞ்சிய கடைசிச் சீட்டுகளையும் களத்தில் இறக்கி, அவை வந்து அமர்ந்த இடங்களை ஒவ்வொன்றாய் நோக்கி, கண்ணாடியை மீண்டும் நெற்றிக்கே ஏற்றினார்.

தேவசகாயம் தோற்றுப்போனார்.