நினைப்பில் வந்த லாரி

"லாரி வருது, லாரி வருதுன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு..."

"எந்த லாரிங்க? எனக்கு ஒரு லாரியும் தெரியலையே."

"எதிர்ல. மஞ்சள் லாரி. மலை மாதிரி வந்துட்டிருக்கு, நீ நேரா அது வாயில கொண்டுபோய்..."

"உங்க நினைப்புல வர்ற லாரி எனக்கு எப்படித் தெரியும்? நான் என் ரோட்டுல போய்க்கிட்டிருக்கேன். என் ரோடு காலியாத்தான் இருக்கு."

"உன் ரோடுன்னு தனியா ஒண்ணு கிடையாது. ஒரே வண்டி, ஒரே ரோடு."

"அப்ப என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு லாரியை விடுங்க."

இந்தச் சண்டை நடந்தது எந்த ரோட்டிலும் இல்லை. மாஸ்டர் வீட்டு ஹாலில், காற்றாடிக்கு அடியில், பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு நாற்காலிகளில் நடந்தது. ஒன்றில் மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது காலுக்கு முன்னால் ஒரு தலையணை சுவரில் சாத்தியிருந்தது. அதுதான் பிரேக். இன்னொரு நாற்காலியில் அவர் மனைவி, பெரிய பாத்திரத்தின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஸ்டீயரிங்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்து விறுவிறுத்துக் கார் ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பாதிப் பேர் நடந்து போவதே அந்தப் பாதிப் பேருக்குப் பயந்துதான் என்று அவர் மனைவி சொல்வாள். அவளுக்கு மட்டும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டபோது, உனக்கு வராது என்றார். எப்படித் தெரியும் என்றாள். ஆளைப் பார்த்தாலே தெரியும், அதுதானே என் தொழில் என்றார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடவுளைக் கூப்பிடும்போது, மாஸ்டர் அதை மிதிக்க வேண்டும். அந்த ஒரு மிதிதான் அவர் பிழைப்பு. மிதித்து மிதித்தே வலது முட்டி தேய்ந்து போய், பல மாதம் லீவில் வீட்டோடு கிடந்து, கடைசியில் ஆபரேஷன் பண்ணிப் புது மூட்டு வைத்தாயிற்று.

மூட்டு வந்துவிட்டது. சீட்டுதான் போய்விடும் போலிருந்தது. அந்தச் சீட்டில் வேறு ஒருவரை உட்கார வைத்திருப்பதாகவும், மாஸ்டர் அவசரப்படாமல் வரலாம் என்றும், வந்தால் உட்காருவதற்கு ஆபீஸில் ஒரு மேஜை தயாராக இருக்கிறது என்றும் ஸ்கூல் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"மேஜையாம்," என்றார் மாஸ்டர். "மேஜைக்கு பிரேக் எங்கடி இருக்கு?"

பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாள். சின்னப் பெண், ஆனால் கறாரான பெண். முட்டியை மடக்கச் சொல்லுவாள், நீட்டச் சொல்லுவாள். மாஸ்டர் பல்லைக் கடிப்பார். ஒருநாள் அவள் புதிதாக ஒன்று சொன்னாள். பயிற்சி செய்வதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, அதையே மனதில் செய்து பார்க்க வேண்டும். கால் எப்படி நகர்கிறது, தொடை எப்படி இறுகுகிறது, பாதம் எங்கே அழுத்துகிறது என்று ஒவ்வொன்றாக நினைக்க வேண்டும். மூளையில் பாதை போட்டுவிட்டால் கால் பயப்படாமல் பின்னாலேயே வரும்.

மாஸ்டருக்கு இந்த வைத்தியம் ரொம்பப் பிடித்துவிட்டது. வலி இல்லை, பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை அவள் வந்தபோது முட்டி மரக்கட்டையாக இருந்தது.

"மடக்குங்க சார்."

"மடக்கியாச்சே."

"எப்ப?"

"காலைல. மனசுல. பாதம் முதுகைப் போய்த் தொட்டுச்சு."

அந்தப் பெண் அவர் முட்டியில் விரலால் தட்டினாள். நினைப்பது காலுக்கு வழி காட்டுவதற்கு, காலுக்குப் பதிலாகப் போய் வருவதற்கு இல்லை என்றாள். நினைத்து முடித்ததும் செய்ய வேண்டும். அதுவும் சினிமா பார்ப்பது போலத் தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்க்கக் கூடாது. உள்ளே இருந்து செய்ய வேண்டும். தினமும் செய்து பழகிய காரியமாக இருந்தால் இன்னும் நல்லது என்றாள். "உங்க கால் நல்லாப் பழகின வேலை எது சார்?"

கேட்க வேண்டுமா. தலையணை சுவருக்குப் போனது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். மாஸ்டர் கண்ணை மூடினால் பக்கத்து சீட்டில் அவருடைய பழைய மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஒழுங்காக ஓட்டினார்கள். சிக்னலில் நின்றார்கள், வளைவில் வேகத்தைக் குறைத்தார்கள். மிதிப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கால் சும்மா கிடந்தது.

"நான் சொல்லிக் கொடுத்தவன் ஒருத்தனும் தப்புப் பண்ண மாட்டேங்கறான்," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "நீங்க சொல்லிக் கொடுக்காத ஆள் ஒண்ணு வேணும், அவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திர மூடியோடு வந்தாள்.

அப்படி வந்தவளோடுதான் அந்த மஞ்சள் லாரிச் சண்டை. சண்டை முற்றி, டீ குடித்து, ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஓட்டுகிறவள்தான் ரோட்டைப் பார்க்கிறாள், அதனால் ரோடு அவளுடையது. என்ன வருகிறது என்று அவள் சொல்லுவாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டு, நினைத்து, மிதிக்க வேண்டும்.

இதனால் லாரித் தகராறு தீர்ந்தது. ஆனால் அவள் ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, அதை எந்த மனுஷனும் ஓட்டியிருக்க மாட்டான். நடைபாதையில் ஏறினாள். துணிக்கடைக்குள்ளே போய், பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்பக்கமாக வெளியே வந்தாள். போலீஸ்காரர் கையைக் காட்டினால், தெரிந்தவர் போலிருக்கிறது என்று பதிலுக்குக் கையைக் காட்டினாள். மாஸ்டர் மிதி மிதி என்று மிதித்தார். வலித்ததுதான், ஆனால் வலியை நினைக்க நேரம் ஏது. அதற்குள் அவள் பள்ளிக்கூடத்துச் சுவர் பக்கம் திரும்பியிருப்பாள்.

ஒருநாள் அவர் கால் கொஞ்சம் சோர்ந்து போயிருந்தது. மிதிகள் ஒப்புக்கு விழுந்தன. அவள் மூடியை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினாள்.

"எங்க திரும்பற?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"சும்மா, இந்தத் தெருதான்."

"எந்தத் தெரு?"

"எங்க அக்கா வீட்டுத் தெருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு எட்டு பாத்துட்டு..."

தலையணையின் தையல் அன்றைக்குத்தான் பிரிந்தது. பிசியோ பெண் வந்து முட்டியை அளந்து பார்த்துவிட்டு, இந்த வாரம் என்ன சார் பண்ணீங்க, தொடைக்கு இவ்வளவு பலம் வந்திருக்கு என்று ஆச்சரியப்பட்டாள். மனசுதாம்மா எல்லாம் என்றார் மாஸ்டர், தன்னடக்கத்தோடு.

கால் தயாரானது, ஆனால் அதை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. டிவியில் கார் போனால் மிதித்தது. அடுப்பில் பால் பொங்கினால் மிதித்தது. மனைவி கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே மிதித்தது. இந்த நிலையில்தான் முதலாளி, மேஜை விஷயத்தை நேரில் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தார். வந்தவர் மாஸ்டருக்கு நெருக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அனுபவம் வேறு, வயசு வேறு என்று ஆரம்பித்தார். டீயோடு வந்த மனைவி, தட்டைத் தாண்டித் தரை தெரியாமல், "பாத்துங்க, காலுக்குக் கீழ ஏதோ," என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மாஸ்டரின் கால் முதலாளியின் பாதத்தின் மேல் இறங்கியது.

முதலாளி பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் என் பாதம் ஓரிடத்தில் சும்மா இருந்தது. ரோட்டில் எதுவும் சும்மா இருக்காது. நிஜ வண்டியில், நிஜமாக ஒருவர் தாறுமாறாக ஓட்டும்போது நிறுத்திக் காட்டட்டும், சீட்டைத் தருகிறேன். இல்லாவிட்டால் மேஜைதான். ஆனால் அப்படிச் சோதித்துப் பார்க்க எந்த மாணவர் ஒத்துக்கொள்வார் என்பதுதான் அவருக்குக் கவலை.

"ஆளை நானே கூட்டிட்டு வரேன்," என்றார் மாஸ்டர். "இதோ நிக்கிறாளே, இவதான். ஸ்டீயரிங்கைத் தொட்டதே கிடையாது. இவளை விட மோசமா ஓட்ட இனிமே ஒருத்தர் பொறந்து வந்தாத்தான் உண்டு. இவளை நிறுத்திட்டா நான் யாரையும் நிறுத்திடுவேன்."

"நானா?" என்றாள் மனைவி. "சுவத்துல இடிச்சுட்டா?"

"நான் பக்கத்துல இருக்கேன்ல."

ஊரிலிருந்த டிரைவிங் ஸ்கூல்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு மைதானம் உண்டு. சுற்றிச் சுவர், ஒரு கேட், கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன். லைசென்ஸ் சோதனையும் அங்கேதான் நடக்கும். மாஸ்டர் கைத்தடியை வாட்ச்மேனின் கூண்டில் சாத்திவிட்டு, தன் பழைய சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலை பிரேக் மேல் வைத்துப் பார்த்தார். தலையணை போல அது மெத்தென்று இல்லை.

முதலாளி பின் சீட்டில் ஏறினார். மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இதுல கிளட்ச்ங்கறது எதுங்க என்று கேட்டாள். வண்டி இரண்டு முறை குதித்து நின்றது. முதலாளி இறங்கிப்போய் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

அப்புறம் வண்டி கிளம்பியது. கிளம்பியது நேரே சுவரைப் பார்த்து.

மாஸ்டர் கண்ணைத் திறந்துகொண்டு அந்தச் சுவர் பெரிதாவதைப் பார்த்தார். கால் அசையவில்லை. பிரேக்கின் மேலேயே இருந்தது, ஆனால் அவருடைய கால் போலவே இல்லை. இத்தனை நாளும் பிரேக் என்று மிதித்ததெல்லாம் கண்ணை மூடியல்லவா. கண்ணைத் திறந்தால் முதலில் தெரிந்தது வலி. பழைய வலி, ஆபரேஷனுக்கு முந்திய வலி. மேஜை ஞாபகம் வந்தது. மேஜை மேல் ஒரு டெலிபோன் இருக்கும் என்று தோன்றியது.

"ஏங்க," என்றாள் மனைவி, ஹாலில் பேசும் அதே குரலில், "ஒரு கிழவர் குறுக்க வரார். தலையில முட்டைக் கூடை. நிறைய முட்டைங்க."

அங்கே கிழவரும் இல்லை, முட்டையும் இல்லை. ஆனால் கால் இறங்கிவிட்டது. கிறீச்சென்று வண்டி சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மாஸ்டர் தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். அது தன் பாட்டுக்கு, எதுவும் நடக்காதது போல இருந்தது.

"இன்னொரு தடவை," என்றார்.

அதற்கப்புறம் அவள் குரல் தேவைப்படவில்லை. தண்ணீர் டிரம்மைப் பார்த்துப் போனாள்; நிறுத்தினார். வாட்ச்மேன் கூண்டைப் பார்த்துப் போனாள், நிறுத்தினார். மரத்தடியைப் பார்த்துப் போனபோது முதலாளி மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடினார். வண்டி அந்தப் பக்கமும் வந்தது. மாஸ்டர் அங்கேயும் நிறுத்தினார், வெண்ணெயில் கத்தியை இறக்குவது போல.

முதலாளி மரத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார். "போதும் மாஸ்டர். சீட்டு உங்களுது. நாளைலருந்தே வந்துடுங்க. அம்மாவை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

மாஸ்டர் கதவைத் திறந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் இறங்கினார். தடி கூண்டிலேயே கிடக்கட்டும் என்றார். மைதானத்தை ஒரு பார்வை பார்த்தார், திரும்பப் பிடித்த ராஜ்ஜியத்தைப் பார்ப்பது போல. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். இப்படி ஒரு நாள் வாய்த்தால் எந்தப் புருஷனும் சும்மா இருக்க மாட்டான்.

"பாத்தியா. நான் அன்னிக்கே சொன்னேன், உனக்கு வராதுன்னு. ஆளைப் பாத்தே சொன்னேன். இந்தக் கால் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நீ சுவத்துக்குள்ள இருப்ப."

"ஆமாங்க," என்றாள் அவள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்."

கேட்டைத் திறந்துவிட வந்த வாட்ச்மேன் திறக்காமல் நின்றான். மாஸ்டரைப் பார்க்கவில்லை. நிஜமான கவலையோடு அவளிடம் போனான்.

"ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா? ஐயா லீவுல இருந்தப்ப வேற ஸ்கூல் வண்டியில வந்து, இதே மைதானத்துல ரிவர்ஸ்லயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிட்டுப் போனீங்க, இன்னிக்கு நேரா போகக்கூட வரலையே?"