மீட்டர் அண்ணனின் போஞ்சிக் கூடை

அன்பளிப்புக் கொடுத்தே ஆட்களைப் பகைத்துக்கொள்ள முடியும் என்று மாத்தளைக்கு நிரூபித்துக் காட்டியவர், எங்கள் தெருவுக்கு மீட்டர் பார்க்க வந்துகொண்டிருந்த அண்ணன். காணிக்காகக் கோர்ட்டுக்குப் போன சகோதரர்கள்கூடப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்டிருக்கிறேன். அவர் கையால் பிறந்தநாள் பொதி வாங்கியவர்கள் மறுபடி அவரோடு சிரித்துப் பேசியதைக் கண்டதில்லை. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். லைட் பில்லில் அவர் போடும் கையெழுத்திலிருந்து யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே மீட்டர் அண்ணன்.

மற்ற மீட்டர்க்காரர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள். இவர் வீட்டைப் பார்ப்பார். மீட்டர் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் குசினி வரைக்கும் வந்துதான் பில்லைக் கையில் கொடுப்பார். யார் வீட்டில் மத்தியானம் என்ன கறி, யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த அறிவை அவர் வீணாக்கவும் இல்லை. கலியாணம், பிறந்தநாள், இடமாற்றம் என்று எது காதில் விழுந்தாலும் சரி, தானே காய்ச்சி, தைத்து, ஒட்டி, ரிப்பன் கட்டி, அந்த ஆளுக்கென்றே ஒரு பொதி செய்து தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"கடையில வாங்குறது எல்லாருக்கும் பொருந்தும் தம்பி. அதுல என்ன இருக்கு?" என்பார்.

அவருடையது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். தொல்லையே அதுதான்.

தெருக்கோடியில் குடியிருந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் மாற்றலாகிப் போனார். பிரியாவிடைக்கு மீட்டர் அண்ணன் இலவம்பஞ்சு அடைத்த தலையணை ஒன்று கொண்டுபோனார். நாற்காலியில் சாய்ந்தால் கழுத்துக்குச் சரியாக வரும் அளவு. மேலே பச்சை நூலில், 'கடமை நேரத்துக்கு மட்டும்' என்று பூவேலை. மேலதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்குக் கோப்பையும் கையுமாகத் தெருவில் இறங்குகிற பழக்கம். அவருடைய பிறந்தநாளுக்கு சீனி, தேயிலை, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் சின்னச் சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பையிலும் 'இனி யாரிடமும் கேட்க வேண்டாம்' என்று ஒட்டியிருந்தார். அந்த அக்கா வீடு மாறி ரத்தோட்டைப் பக்கம் போய்விட்டார்.

எதுவும் வரிசை குலையாமல் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிற எனக்கும் ஒன்று வந்தது. ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு.

"அடிமட்டத்தால அளந்து வெட்டினேன் தம்பி. இல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதே."

கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. ஊறுகாய் நன்றாகத்தான் இருந்தது.

தெருவில் நடந்தவை எல்லாம் சில்லறைக் காயங்கள். உண்மையான சேதம் தம்புள்ளையில் நடந்தது. மீட்டர் அண்ணன் கலியாணம் செய்யாதவர். பெற்றோரும் இல்லை. சொந்தம் என்று சொல்ல ஒரே தங்கை. அவளைத் தம்புள்ளை மொத்தச் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். போஞ்சி முதலாளி என்று பேர். நீளப் பச்சைப் போஞ்சிக்காயும் கரட்டும் அவர் கடையில் மலையாகக் குவிந்திருக்கும். அவருடைய நிறுவையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் இருந்தது. மீட்டர் அண்ணன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

முதலாளி மகளின் முதல் பிறந்தநாளுக்குத் தன் கையால் ஒரு தராசு செய்து கொண்டுபோனார். ஒரு தட்டில் குட்டிக் குட்டித் துணிப் போஞ்சி. அந்தத் தட்டை மேலேயிருந்து அமுக்கிக்கொண்டு களிமண்ணில் ஒரு கட்டைவிரல். நகம்கூட வைத்திருந்தார். வந்திருந்தவர்கள் பாதிப் பேர் சந்தை வியாபாரிகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி கதவைக் காட்டினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி அவருக்கு இல்லை. தங்கை, புருஷன் சந்தைக்குப் போன பிறகு அண்ணனுக்குப் போன் எடுப்பாள். மாத்தளைத் தேருக்கு வந்தால் எங்கள் தெரு முனையில் நின்று அண்ணனைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவாள். அவள் வந்துபோன மாதம் மட்டும் மீட்டர் அண்ணன் எங்கள் வீட்டுக் குசினி வரைக்கும் வரமாட்டார். கேட்டிலேயே பில்லைச் சொருகிவிட்டுப் போவார்.

போன வருடம் முதலாளி புது வீடு கட்டினார். குடிபுகுதலுக்கு மச்சானைக் கூப்பிடத் தங்கை எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். என் போனில்தான் அண்ணனோடு பேசினாள்.

"அண்ணே, உங்களக் கும்புட்டுக் கேக்கிறேன். ஒரு பிஸ்கட் டின் வாங்கிட்டு வாங்க. கையால ஒண்ணும் செஞ்சிராதீங்க. இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா, அவரு என்னையும் உங்ககூடப் பேச விடமாட்டாரு."

"சரி புள்ள, சரி புள்ள" என்றார். போனை என்னிடம் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிஸ்கட் டின்னா? நான் என்ன பில் கட்டுற கியூவுல நிக்கிற ஆளா? கூடப் பொறந்தவன் தம்பி."

முடிவில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். அவர் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றையும் நான் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் உள்ளே போகும். சாதிக்காய் ஜாம் கொண்டுவந்தார். சம்மதம். நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சிய தோசி, மிளகு தூக்கலாகப் போட்ட எலுமிச்சை ஊறுகாய், வறுத்து இடித்த கறித்தூள் எல்லாம் சம்மதம். இடுப்பில் உடுக்க, பெரிய பொக்கற் வைத்த ஒரு சாரம் தைத்துக்கொண்டு வந்தார்.

"பொக்கற் எதுக்கு?"

"அவரு எடுக்கிறத வைக்கத்தான்."

"வேணாம்."

"சும்மா ஒரு பொக்கற்தானே தம்பி..."

"அண்ணே!"

சாரம் திரும்பிப் போனது. லேபல்களையும் படித்தேன். எல்லாவற்றிலும் 'அன்பு மாப்பிள்ளைக்கு' என்று மட்டும் இருந்தது. இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். குற்றமே இல்லை.

ஆனாலும் 'அந்த ஆளுக்கென்றே' ஒன்று இருக்க வேண்டாமா? அதற்கு அவர் கண்டுபிடித்ததுதான் கூடை. முதலாளியின் சரக்கு வருகிற மாத்தளைக் கடை ஒன்றில் கேட்டு, முதலாளியின் அடையாளம் சிவப்புப் பெயின்றில் போட்ட பச்சைப் பிளாஸ்டிக் கூடை ஒன்றையே எடுத்து வந்தார். போத்தல்களை வைக்கோலில் அடுக்கி, மேலே பிஞ்சுப் போஞ்சியைத் தலையும் வாலும் மாறாமல் ஒரு பாய் மாதிரிப் பரப்பினார். "போஞ்சியத் தூக்குவாரு. கீழ பாத்தா எல்லாம் அவருக்கே! சிரிச்சிருவாரு." எனக்கும் அது அழகாகவே பட்டது.

குடிபுகுதலுக்கு முதல்நாள் கூடையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போனோம். சந்தையில் முதலாளியைச் சந்தித்து, அவரோடு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. முதலாளி கடைவாசலில் இரண்டு போன்களில் இரண்டு பேரைத் திட்டிக்கொண்டு நின்றார். எங்களை அவர் கவனிக்கவில்லை. மீட்டர் அண்ணன் கூடையைக் கடை ஓரத்தில் மெதுவாக வைத்தார். மாத்தளையில் ஆயிரம் வீட்டு நாய்களுக்குப் பயப்படாத மனிதர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"தம்பி, தொண்டை காஞ்சு போச்சு. ஒரு பிளேன்டீ அடிச்சிட்டு வருவோம்."

தேநீர் குடித்துவிட்டு வந்தால் கூடை இல்லை.

இருக்குமா? முதலாளியின் கடை, முதலாளியின் கூடை, முதலாளியின் அடையாளம், மேலே முதல்தரப் போஞ்சி. சந்தையில் மேலே பார்ப்பார்கள், நிறுப்பார்கள், கொடுப்பார்கள். தனக்கு வந்த அன்பளிப்பைத் தானே தராசில் ஏற்றி விற்றிருந்தார் போஞ்சி முதலாளி.

எங்களுக்கு இது புரிவதற்குள் லொறிப் பக்கமிருந்து சத்தம் எழுந்தது. வாங்கிய வியாபாரி குருநாகல்காரர், நல்ல உயரம். போஞ்சியைக் கிளறியிருக்கிறார். கையில் ஊறுகாய்ப் போத்தலோடு சிங்களத்தில் முழங்கினார். "எல்லாரும் வந்து பாருங்க! மேல போஞ்சி, கீழ போத்தல்! நிறையைக் கூட்டுறதுக்குப் போத்தல் வச்சு விக்கிறான் இந்த ஆளு!"

சந்தை முழுவதும் அங்கே திரும்பியது. யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அந்தத் தராசை யாரும் மறந்திருக்கவில்லை. முதலாளி போனைக் காதிலிருந்து இறக்கினார். பிறகு கூட்டத்துக்குள் மச்சானைக் கண்டார். அந்தப் பார்வையை நான் எழுதாமல் விடுகிறேன்.

மீட்டர் அண்ணன் ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானே ஓட ஆயத்தமாக இருந்தேன். அவர் கவிழ்ந்து கிடந்த கூடை ஒன்றின் மேல் ஏறி நின்றார். தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் சொன்னார்.

"போத்தல் என்னோடது. நான் இவருக்குக் குடுக்கக் கொண்டுவந்தது. இவரு பொஞ்சாதிக்கு அண்ணன் நான். இந்த மனுசனோட தராசில ஒரு பிழையும் இல்ல. அன்னைக்கு நான் செஞ்ச கட்டைவிரலும் என் விரலப் பாத்துச் செஞ்சதுதான். வேணும்னா பாருங்க!"

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சந்தை கையைத் தட்டிச் சிரித்தது. ஆனால் இந்த முறை சிரிப்பு அவர் தலையில் விழுந்தது. முதலாளியின் நிறுவையைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. மீட்டர் அண்ணன் தன் வாழ்க்கையில் யாருக்காவது அளவு பார்க்காமல் ஒன்றைக் கொடுத்தார் என்றால், அது அந்த நற்சாட்சிதான்.

குருநாகல்காரர் லேபலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கோபம் தணிந்ததும் தோசிப் போத்தலைத் திறந்து ஒரு துண்டு வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். "சரி, கூடை என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

முதலாளி பாய்ந்து போய்க் கூடையைப் பிடுங்கினார்.

"இது விக்கிறதுக்கில்ல. எனக்கு வந்தது."

அணைத்துப் பிடித்தபடியே, மச்சானின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஏறுங்க லொறில. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது."

மீட்டர் அண்ணன் அந்தக் கட்டளையை மீறவில்லை. புது வீட்டு வாசலில் தங்கை ஓடி வந்தாள். முதலில் அண்ணனின் கைகளைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் கொண்டு வரலியே அண்ணே?"

"நான் இல்ல புள்ள. மாப்ளதான் கொண்டு வர்றாரு."

பின்னால் போஞ்சி முதலாளி கூடையைச் சுமந்துகொண்டு படியேறினார்.

இந்த வருடம் மீட்டர் அண்ணன் பென்சன் எடுத்துக்கொண்டு அந்த வீட்டின் பின்னறையிலேயே குடியேறிவிட்டார். தம்புள்ளைக்காரர்களுக்காக நான் அனுதாபப்படுகிறேன். எங்கள் தெருவுக்கு இப்போது வருகிறவர் ஒழுங்கான இளைஞர். மீட்டரை மட்டும் பார்க்கிறார், பில்லைத் தருகிறார், போய்விடுகிறார். குசினியில் என்ன கறி என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் அவர் வருகிற நாளில் குசினிக் கதவைத் திறந்து வைக்கிறேன்.