செருப்பு சிஸ்டரின் பொன்னாடை

புதுக்கோட்டை மாவட்டத்தில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள் எங்கள் செருப்பு சிஸ்டர்தான். பெயர், ஊர், பட்டம், பதவி எதுவும் அவருக்கு மனதில் நிற்காது. காலைக் காட்டினால் போதும். “நீங்க போன தீபாவளிக்குப் பெருவிரல்ல கொப்புளத்தோட வந்தவருதானே?” என்று கேட்டுவிடுவார்.

கீரனூருக்குப் பக்கத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் லேப் டெக்னீஷியன். நான் விரலில் குத்தி சர்க்கரை அளவைப் பார்த்து அனுப்புவேன். அவர் அடுத்த அறையில் நோயாளிகளுக்குச் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுப்பார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. சண்டை போடுவார் என்பதே சரி.

“மூஞ்சிய ஒரு நாளைக்கு எத்தன தடவ கண்ணாடில பாக்குறீங்க? அது எங்கிட்டும் ஓடிறாது. காலுதான் போயிரும். கண்ணாடியத் தரையில வச்சு உள்ளங்காலப் பாருங்க!”

இந்த உபதேசத்தைக் கேட்டுப்போன ஒரு விவசாயியின் மனைவி மறுவாரம் அழாத குறையாக வந்தார். “சிஸ்டர், எங்க வீட்டுக்காரரு தெனமும் கண்ணாடி மேல ஒத்தக் கால்ல நிக்கிறாரு. சம்பந்தம் பேச வந்தவங்க பாத்துட்டுப் போயிட்டாங்க.”

“போனாப் போறாங்க. காலு இருக்குல்ல? வேற சம்பந்தம் வரும்” என்றார் சிஸ்டர். வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செருப்பு என்ற அடைமொழி குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. எல்லோரும் பந்திக்கு ஓட, இவர் மட்டும் மண்டப வாசலில் குந்தி உட்கார்ந்து, கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் வந்து பிடித்துக்கொண்டார்.

“யாரும்மா நீ? எந்தச் செருப்பத் தேடுற?”

“எதையும் தேடல. எல்லாத்தையும் பாக்குறேன்.”

திருடி ஒருத்தி இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டதை அந்த மண்டபம் கண்டதில்லை. கூட்டம் கூடிவிட்டது. சாப்பாட்டுக் கையோடு நான் ஓடிப்போய், “எங்க சிஸ்டருங்க” என்று சொல்வதற்குள், அவர் ஒரு தோல் செருப்பைத் தூக்கிக் காட்டினார். “இது யாரோடது? கட்டவிரல் பதியிற எடம் ஈரமா இருக்கு. புண்ணு இருக்கு, மறைக்கிறாங்க.”

தாய்மாமன் வேட்டியை மெல்லக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். மஞ்சள் பத்துப் போட்ட விரல் அதற்குள் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. அடுத்த திங்கட்கிழமை எங்கள் வாசலில் முதல் ஆளாக அவர்தான் நின்றார். கையில் தாம்பூலப் பை வேறு.

அப்புறம் என்ன, சிஸ்டர் பஸ்ஸில் ஏறினால் ஜனங்கள் காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் விருது அறிவித்தார்கள். சர்க்கரை நோய் பற்றி மக்களுக்குச் சிறப்பாக எடுத்துச் சொல்பவர்களை கௌரவிப்பதற்கென்று டாக்டர்கள் சேர்ந்து புதுக்கோட்டையில் நடத்திய விழா. “அன்னைக்கி ஓபிய யாரு பாக்குறது?” என்று மறுத்தவரை, மெடிக்கல் ஆபீசரும் நானும் கெஞ்சி பஸ் ஏற்றினோம். பட்டுப்புடவை கட்டியிருந்தார். அந்த ஒருநாளாவது பொது இடத்தில் குந்த மாட்டார் என்று நம்பினேன்.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். கேடயம் வாங்க நடந்தவர் பாதியில் நின்றார். மேடை ஓரப் படியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. சிஸ்டர் இறங்கிப்போய் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பினார். அடியில் ஆணியின் கொண்டை. மேலே, குதிகால் பதியும் இடத்தில் அதன் முனை, சுற்றிலும் ரத்தம்.

செருப்பும் கையுமாக வந்து, அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கினார். ஏற்புரை என்று நினைத்துச் சபை கைதட்டியது.

“இந்த நீலச் செருப்பு யாரோடது?”

தலைமை விருந்தினர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் இருந்து மைக்செட்காரர் எழுந்தார். “என்னோடதுங்க. மேடை ஏறணும்னு கழட்டிப் போட்டேன். எடஞ்சலா இருக்குங்களா?”

“ஆணி குத்தி நிக்கிது. வலிக்கலயா?”

“இல்லைங்களே.”

சிஸ்டரின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். கத்தவில்லை. சண்டை போடவில்லை. நேரே போய் அவர் முன்னால் குந்தினார். தோளில் கிடந்த பொன்னாடையை மடித்துத் தரையில் போட்டார். “காலை இதுல வைங்க.”

“ஐயோ, பொன்னாடைங்க அது! தொடாதீங்கக்கா, காலெல்லாம் அழுக்கு.”

“துணிதான். வைங்க.”

குதிகாலில் ஆழமான குழி. சுற்றிலும் சூடாக வீங்கியிருந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி நெடுநாளாகிறது என்றார். “நல்லாத்தாங்க இருந்துச்சு.”

“வலிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்யா” என்றார் சிஸ்டர். “சர்க்கரையில காலு மரத்துப்போச்சு, அதான் வலி தெரியல.”

மேடையில் அறிவிப்பாளர் திணறிக்கொண்டிருந்தார். மெடிக்கல் ஆபீசர் என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார். “சிஸ்டரின் கணவர் பெற்றுக்கொள்கிறார்” என்று ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. வாங்கிக்கொண்டேன். எங்கள் இருவர் வீட்டுக்கும் அது எட்டாமலிருக்க வேண்டினேன். அதற்குள் அந்த மைக்செட்காரரை ஒரு டாக்டரின் காரில் ஏற்றி, கூடவே ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் சிஸ்டர் திரும்பினார். மிச்ச விழா முழுக்க மைக் ‘கீ’ என்று அலறியது, அடக்க ஆளில்லை. மைக்செட்காரரின் கால் தப்பியது. அதற்குச் சில வாரங்கள் படுக்கை வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சிஸ்டர் கேட்டார். “மேடையில என்ன சொன்னீங்க?”

“சிஸ்டர் ஒருத்தரு காலப் பாத்துக்கிட்டு இருக்காங்க, முடிச்சிட்டு வருவாங்கன்னேன்.”

“அது போதும்” என்றார். கேடயத்தை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனார்.

கீரனூர் நெருங்கியது. கண்டக்டர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். “அண்ணே, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க” என்றேன். அவர் சிஸ்டரைப் பார்த்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சீட் சீட்டாகக் குனிந்து ரகசியம்போல் சொல்லிக்கொண்டே போனார்: “கீரனூரு... கீரனூரு...”