எழுத்துக்குக் கால் வைத்த உத்தரவு

பாதைத் துறையின் உத்தரவுகளை ஜனங்கள் மதிப்பதில்லை என்பது விழுப்புரம் தலைமை அலுவலகத்தின் நெடுநாள் மனக்குறை. அதன் காரணத்தை இயக்குநர் ஆனந்தராஜ் ஒரு ஏசி கருத்தரங்கில் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். துறையின் எழுத்துக்குக் கால் இல்லை.

பழைய பாணித் தடித்த எழுத்துரு ஒன்றைத் திரையில் காட்டினார்களாம். தண்டு கனம், வளைவு மெலிவு, ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு குட்டிப் பாதம். பேப்பர் தலைப்பு, கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு சம்மன் எல்லாம் அந்த எழுத்தில் வந்தால்தான் ஜனம் நின்று படிக்கிறதாம். துறையின் எழுத்தோ மொட்டை. மறுநாளே சுற்றறிக்கை பறந்தது: "இனி அனைத்து எழுத்துகளும் தடிமனாகவும் கால் வைத்தும் இருத்தல் வேண்டும்."

திண்டிவனம் கிளையில் தட்டச்சு செய்யும் புனிதாவைக் கருத்தரங்குக்கு யாரும் கூப்பிடவில்லை. அவளுக்குத் தெரிந்த கால், 'க'வுக்குப் பக்கத்தில் போட்டால் 'கா' ஆகிற துணைக்கால் ஒன்றுதான். இயக்குநருக்கே போன் போட்டாள்.

"சார், எல்லா எழுத்துக்கும் கால் வைக்கணுங்களா?"

"சர்குலர்ல என்ன போட்டிருக்கு?"

"வச்சா அர்த்தம் மாறிடுமே சார்."

"அர்த்தத்தப் பத்தி சர்குலர்ல ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

"கொம்பு, சுழியெல்லாம் இருக்கிற எழுத்துக்கு?"

"அதுங்கள வுடு. வெறுமனே நிக்கிறதுக்கு வை. வார்த்தைல முதல் எழுத்து ஸ்ட்ராங்கா நின்னா போதும்மா, மத்தது பின்னாடியே நிக்கும். ஜல்தி பண்ணு."

அன்றைக்கு மனுவோடு வந்தவள் வீரம்மாள். பிடுங்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொல்லையிலேயே கிடந்தது. மானமோ இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து நிலத்து சீனுவாசன் வண்டிப்பாதையை முள் போட்டு அடைத்திருந்தான். முன்பு போன உத்தரவுகளை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நனைஞ்சா அத்தினியும் மொளைச்சிடும் கண்ணு," என்றாள்.

புனிதா உத்தரவை அடித்தாள். 'சீனுவாசனின் தடை' என்கிற இடத்தில் கை நின்றது. அந்த வாக்கியத்திலேயே வெறுமனே நின்ற முதல் எழுத்து அது ஒன்றுதான். சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்தாள். பிறகு கால் வைத்தாள்.

அன்று சாயங்காலமே சீனுவாசன் வீட்டுச் சுவரில், தெருமுனையிலிருந்தே தெரிகிற தடிமனில், அது ஒட்டப்பட்டது:

"மேற்படி சீனுவாசனின் தாடை, காவல்துறைப் பாதுகாப்புடன் திங்களன்று நீக்கப்படும்."

விளக்கு வைப்பதற்குள் முள் போய்விட்டது. மல்லாட்டை நனையாமல் வீடு சேர்ந்தது. மறுநாள் சீனுவாசன் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கே வந்துவிட்டான்.

"வழிய வுட்டுட்டேன் மேடம். இத மட்டும் வுட்டுடச் சொல்லுங்க. பொண்டாட்டி ராவெல்லாம் அழுதுகினு இருக்கா."

காலூன்றிய எழுத்தின் கம்பீரம் களத்தில் மெய்ப்பிக்கப்பட்டதாக ஆனந்தராஜ் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். பெயர்ப்பலகைகளையும் மாற்ற ஆணையிட்டார். 'பாதைத் துறை, திண்டிவனம் வட்டம்' என்று இருந்தது 'பாதைத் துறை, திண்டிவனம் வாட்டம்' ஆயிற்று. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று புனிதா பயந்துகொண்டே இருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. ராயப்பன் என்ற பெரியவர் மட்டும் ஒருநாள் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இத்தினி வருஷமா தப்பா எழுதி வச்சிருந்தீங்களேம்மா," என்றார். "இப்பதான் சரியா இருக்குது."

பிறகு உள்ளே வந்து மனுவை நீட்டினார்.

"எந்தம்பி மேல குடுக்கிறேன். வழியெல்லாம் அவன் எப்பவோ வுட்டுட்டான். தாடைய மட்டும் எடுத்துடுங்க."