புரட்டாசியில் வாசித்த கட்டுரை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒரு காட்டில் என்றால் எந்தக் காட்டில் என்று நீங்கள் கேட்கக் கூடாது. ஏன் கூடாது என்பதுதான் கதை.

அந்தப் பள்ளியில் நீலாயதாட்சி என்ற மீன்கொத்தி தமிழ் டீச்சராக இருந்தார். பல வருடமாகத் தற்காலிக டீச்சர். அவருக்குப் பிறகு வந்த கொக்கு, நாரை எல்லாம் நிரந்தரமாகி நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. இவருக்கு மட்டும் ஆணை வரவில்லை. ஆனாலும் பாடம் நடத்துவதில் குறை வைக்க மாட்டார். ஓடும் தண்ணீரில் ஒரே ஒரு மீனைக் குறிவைத்துக் கொத்துகிற பிறவி அல்லவா? சொல்லையும் அப்படித்தான் கொத்தி எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வகுப்பில் 'நல்ல' என்ற சொல்லுக்குத் தடை. 'ரொம்ப', 'அழகான', 'ஏதோ' ஆகியவற்றுக்கும் தடை.

"மரம் இருந்ததுன்னு எழுதினா எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பார். "என்ன மரம்? எங்க இருக்கு? பூத்திருக்கா, காய்ச்சிருக்கா? படிக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலும் நேரா அந்த மரத்துல போய் முட்டிக்கணும். மாம்பழத்தைப் பத்தி எழுதினா நாக்குல எச்சில் ஊறணும்!"

இதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டவள் மிருதுளா. சருகுமான் குட்டி. முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா பேசும்.

எதையுமே பிடித்துக்கொள்ளாதவன் மந்திரமூர்த்தி. எருமைக்கன்று. மழையைப் பற்றி எழுதச் சொன்னால், 'மழை நல்லது. ரொம்ப நல்லாப் பெய்தது. நான் நல்லா நனைந்தேன்' என்று எழுதிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான்.

"நனைஞ்சப்போ எப்படிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். இறக்கையால் அடித்துக்கொள்வதால் சத்தம்கூட வராது.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்குத் தலைவர் வேங்கடபதி வருவதாக முடிவானது. தலைவர் என்றால் புலி. பயப்பட வேண்டாம், அது புரட்டாசி மாதம். தலைவர் புரட்டாசி முழுக்க அசைவம் தொட மாட்டார். நெற்றி வரிகளுக்கு நடுவே நாமம் போட்டுக்கொண்டு, மூங்கில் குருத்தும் தேனுமாகக் காலம் தள்ளுவார். அதனால் அந்தக் காட்டில் திறப்பு விழா, பாராட்டு விழா எல்லாமே புரட்டாசியில்தான் நடக்கும். மற்ற மாதங்களில் வரவேற்புக் குழுவுக்கு ஆள் கிடைப்பதில்லை.

தலைமையாசிரியர் நரி, டீச்சரைக் கூப்பிட்டார். "உங்க பசங்க கட்டுரை வாசிக்கட்டும். ஆனா பொத்தாம்பொதுவா இருக்கட்டும் டீச்சர். தலைவருக்குப் புடிச்சுப் போச்சுன்னா உங்க நிரந்தரத்தைப் பத்தி நானே பேசுறேன்."

"பொத்தாம்பொதுவா எழுத என் வகுப்புல யாருக்கும் தெரியாது சார்," என்றார் டீச்சர். மந்திரமூர்த்தியை அந்த நேரத்தில் மறந்துவிட்டார்.

மிருதுளா 'என் தங்கை' என்று எழுதி வந்தாள். 'என் தங்கை அழகாக இருப்பாள். ஒரு புதரில் தூங்குவாள்.'

"அழகுன்னா எது அழகு? காதா, கழுத்தா? ஒரு புதர்னா எந்தப் புதர்?" என்று டீச்சர் சிவப்பு மையால் சுழித்தார். மிருதுளா மறுபடி எழுதினாள். மறுபடியும் எழுதினாள். கடைசியில் டீச்சருக்கே புல்லரித்துவிட்டது.

விழா நாள் வந்தது. புரட்டாசியின் கடைசி வாரம். தலைவர் வயிறு ஒட்டிப்போய், மேடையில் அரைத்தூக்கத்தில் இருந்தார். நரி சார் தலைவரோடு தன் முகமும் விழும்படி செல்ஃபி எடுப்பதிலேயே குறியாக இருந்தார். மிருதுளா மைக் முன்னால் வந்து நின்றாள்.

"என் தங்கை இன்னும் பால்மணம் மாறாதவள். அவள் காது வெற்றிலைக் கொழுந்து. அவள் தொடை வாழைத்தண்டாய் மினுமினுக்கும். கழுத்தைத் தொட்டால் வெண்ணெயாய்க் குழையும்..."

வெண்ணெய் என்றதும் தலைவர் கண் திறந்தது.

"அம்மா மேயப் போன பிறகு, ஓடைக்கரையில் இடி விழுந்த நாவல் மரத்துக்கு இடப்பக்கம், மூன்றாவது ஈச்சம்புதரில் அவள் தனியாகச் சுருண்டு தூங்குவாள். கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்."

மடக் என்று ஒரு சத்தம் தலைவர் முன்னால் இருந்த மைக்கில் கேட்டது. தலைவர் எச்சில் விழுங்கிய சத்தம். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ஆயுசில் இப்படி உருகிக் கேட்கிற ஒரு ரசிகரை அவர் பார்த்ததில்லை. தலைவர் தாடையிலிருந்து எச்சில் ஒழுகி மாலையில் சொட்டியதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"என்னா எழுத்து!" என்றார் தலைவர். "அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. யாருய்யா இந்தப் புள்ளையோட டீச்சர்? நிரந்தரம் பண்ணுங்க." பிறகு நரியின் காதோடு, "ஏன்யா, பால் மட்டும் குடிக்கிற குட்டி அசைவத்துல சேருமா?" என்று கேட்டார். மைக் அதையும் ஊருக்கே சொன்னது.

தலைவர் முன்னங்காலை ஊன்றி எழுந்தேவிட்டார். டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணில் பட்ட மந்திரமூர்த்தியை மைக்கைப் பார்த்துத் தள்ளினார். "ஐயா, இன்னொரு கட்டுரை இருக்கு ஐயா!"

மந்திரமூர்த்தி வாசித்தான். "என் அம்மா. என் அம்மா ஒரு நல்ல அம்மா. ரொம்ப நல்ல அம்மா. அவர் நல்லா இருப்பார்."

"கொழுப்பா இருப்பாளா?" என்றார் தலைவர் ஆவலாக.

"நல்லா இருப்பாங்க ஐயா."

"எங்க மேய்வா?"

"நல்ல எடத்துல ஐயா."

தலைவர் கொட்டாவி விட்டார். உட்கார்ந்தார். மந்திரமூர்த்தி அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் குறட்டை கேட்டது. வெளியே தொங்கிய நாக்கு தானாக உள்ளே போயிற்று.

விழா முடிந்து கிளம்பும்போது தலைவருக்குப் புதர் மறந்துபோயிருந்தது. வெண்ணெய் மட்டும் நினைவிருந்தது. "அந்த மொதல் கட்டுரையை வாங்கிட்டு வாய்யா. ஐப்பசி பொறந்ததும் நிதானமாப் படிக்கணும்," என்றார்.

நரி கையை நீட்டியது. டீச்சர் கட்டுரையை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயா, இதுல சந்திப்பிழை நிறைய இருக்கு. திருத்திக் கொடுத்தனுப்புறேன்."

தலைவர் மரியாதையாகத் தலையாட்டினார். புலியே ஆனாலும் சந்திப்பிழை என்றால் ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது.

டீச்சர் யோசித்துப் பார்த்தார். தங்கையை வேறு புதருக்கு மாற்றலாம். வெண்ணெயை எப்படி மாற்றுவது? அது நினைவிருக்கும் வரை புலி ஒவ்வொரு புதராகத் தேடாதா? சிவப்புப் பேனாவை எடுத்தார். கட்டுரையோடு தன் நிரந்தரமும் போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அழுதுகொண்டேதான் அடித்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்:

'எனக்கு ஒரு தங்கை. அவள் நல்ல தங்கை. ஏதோ ஒரு மரத்துக்குப் பக்கத்தில் ஒரு புதரில் இருப்பாள். ரொம்ப நல்லவள்.'

மிருதுளா அதைப் பார்த்துவிட்டு விம்மினாள். "வெண்ணெயைக் காணோம் டீச்சர். 'நல்ல'ன்னு நீங்களே எழுதிட்டீங்களே."

"தங்கச்சி இருக்கால்ல? விடு," என்றார் டீச்சர்.

ஐப்பசி பிறந்தது. தலைவர் நாமத்தை அழித்துவிட்டு ஆசையாகக் கட்டுரையைப் பிரித்தார். படித்தார். புரட்டிப் பார்த்தார். அன்று வாய் ஊறியது விரதப் பசியாலா, எழுத்தாலா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எந்தப் புதர்யா?" என்று உறுமினார்.

"எனக்குத் தெரியும் ஐயா, நான் காட்டுறேன்," என்று நரி முந்திக்கொண்டது. செல்ஃபி மும்முரத்தில் அன்று கட்டுரையைக் கேட்காத அதற்கு ஒன்றும் தெரியாது. காட்டில் புதருக்கா பஞ்சம்? பார்த்த புதரையெல்லாம் காட்டியது. உச்சிவெயிலுக்குள் தலைவர் முகமெல்லாம் முள். வயிறெல்லாம் பசி. பக்கத்தில் நரி.

மறுநாள் அறிவிப்புப் பலகையில், 'தலைமையாசிரியர் சில காரணங்களால் நீண்ட விடுப்பில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. எழுதியவன் மந்திரமூர்த்தி. அவனைத் தலைவர் தன் மேடைப் பேச்சு எழுத்தாளனாக நியமித்துவிட்டார். நீலாயதாட்சி டீச்சரின் கோப்பில் 'சுமார்' என்று குறிப்பு விழுந்தது. இன்றுவரை அவர் தற்காலிகம்தான்.

பலகையைப் பார்த்த அன்றே மிருதுளாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அடுத்த தேர்வில் 'எங்கள் டீச்சர்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். அவள் எழுதினாள்: 'எங்கள் டீச்சர் நல்ல டீச்சர். ஏதோ ஒரு கரையில் இருப்பார்.'

டீச்சர் வழக்கம்போலச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'நல்ல' என்ற சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எந்தத் திருத்தமும் செய்யாமல் முழு மதிப்பெண் போட்டார்.

நீதி: படிப்பவர் சைவம் என்று உறுதியானால் மட்டும் துல்லியமாக எழுதவும். வருடம் முழுக்கச் சைவமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.