டம்ளர் மாஸ்டரும் தாய்மாமன் மடியும்

நெய்வேலியில் ராட்சத எந்திரங்கள் ராப்பகலாகப் பூமியைப் புரட்டுகின்றன. சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கதவு அதிரும். இத்தனையும் நடக்கிற ஊரில், ஒரு டம்ளர் தண்ணீர் லேசாக ஆடிவிட்டதற்காக ஒரு மனிதனைக் குற்றவாளியாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் டம்ளர் மாஸ்டர்தான். உடம்பு பெருத்தவர்களுக்கு வீடு தேடி வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை.

என் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் தூரத்தில் என்னைப் பார்த்ததுமே வண்டி நிறைந்துவிட்டது என்பார்கள். உள்ளே ஈ, காக்கை இருக்காது. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து தங்கச்சி போன் செய்கிற வரைக்கும்.

அவள் மகளுக்குத் தை மாதம் காது குத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கோ மடி என்ற ஒன்று காணாமல் போய்ப் பல வருடமாகிவிட்டது. நான் உட்கார்ந்தால் அந்த இடத்தில் என் வயிறு உட்கார்ந்துகொள்ளும். தரையில் சம்மணம் போட்டால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். தங்கச்சி அதைப் பக்குவமாகச் சொன்னாள்.

"நீ கஷ்டப்படாதண்ணா. முன்னாடி ஒரு சேர் போட்டு உக்காந்துக்க. பெரியப்பா மவன் மடியில வச்சுக் குத்திக்கலாம்."

பெரியப்பா மகன் ஒல்லிப்பிச்சான். உட்கார்ந்தால் முழுக்க மடிதான். சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சோறு இறங்கவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்த டவுன்ஷிப் முழுக்கத் திரிந்தவன் நான். அவள் பிள்ளைக்கு வேறொருவன் மடியா?

மறுநாள் காலையே செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு குதிக்க ஆரம்பித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில் இருக்கிறது. கீழ்வீட்டு அந்தோணி அண்ணன் அப்போதுதான் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். திட்டவில்லை. விஷயத்தைக் கேட்டார், வீங்கியிருந்த என் முட்டியைப் பார்த்தார், மறுநாளே மாஸ்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் உடம்பின் மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். அக்கறை அவருடைய தூக்கத்தின் மேல் என்பது பிறகுதான் புரிந்தது.

மாஸ்டர் ஐம்பது வயதுக்காரர். காக்கிப் பையிலிருந்து, துண்டில் சுற்றிய எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி என் காலடியில் வைத்தார். குடிக்கத்தானே என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"இது ஆடக்கூடாதுங்க சார். ஆடிச்சுன்னா அந்த எக்சர்சைஸ் உங்களுக்கு இல்ல."

அவர் கட்சியின் மொத்தக் கொள்கையும் இதுதான். முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் நைட் ஷிப்ட் பார்த்தவராம். மாடி வீட்டில் யாரோ தினமும் ஸ்கிப்பிங் ஆட, பகல் தூக்கம் பாழாகி, அந்தக் கோபத்திலேயே பயிற்சி படித்து மாஸ்டர் ஆனவர். குதிப்பது, ஓடுவது, விழுந்து புரள்வது எல்லாம் அவரிடம் தடை. கீழே தூங்குகிறவனுக்கு எது கேட்கிறதோ, அது மேலே இருக்கிறவன் முட்டிக்கும் கேட்கும் என்பார். எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். காது குத்தப்போவது எடைக்கா என்று கேட்டார்.

சுவரில் கை ஊன்றித் தள்ள வைத்தார். உயரமான நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து எழ வைத்தார். அது பழகியதும் கட்டில், அப்புறம் முக்காலி, கடைசியில் தரையில் மணை. என் ஆசனம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆபீசில் பிரமோஷன்தான் இல்லை என்றால் வீட்டிலுமா என்றாள் மனைவி. தொப்பென்று உட்கார்ந்து தண்ணீர் சிந்தினால் அன்றைக்கு மறுபடி நாற்காலிதான்.

ஒருநாள் மதியம் முக்காலிக்குப் பக்கத்தில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். டம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது. மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் அசையவே இல்ல மாஸ்டர். மைன்ஸ்ல வெடி வச்சிருப்பாங்க."

"சாக்கு சொல்லாதீங்க சார். யாரு ஆட்டுனான்னு தண்ணிக்குத் தெரியுமா? போய் நாற்காலியில உக்காருங்க."

இதைவிடக் கொடுமை நடைப்பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம் என்பது அவர் சட்டம். அதைச் சோதிக்க அவருக்கு ஒரே கேள்விதான் தெரியும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? அதையும் பால் பூத்துக்கு எதிரே வரும்போதுதான் உரக்கக் கேட்பார். இரண்டு இட்லி என்று முனகினேன். மூச்சு வாங்குகிறது, பொய் சொன்னால் அப்படித்தான் வாங்கும் என்றார். வேறு வழியில்லாமல் பரோட்டாவையும் சால்னாவையும் ஒப்புக்கொண்டேன். நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

தை வந்தது. வடக்குத்து கோயிலில் எனக்காகப் போட்டிருந்த நாற்காலியை நானே ஓரமாக நகர்த்தி வைத்தேன். பெரியப்பா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றான். நான் மணையில் உட்கார்ந்தேன், சத்தமில்லாமல். வயிறு முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் அதற்கு முன்னால் எனக்கென்று ஒரு மடி இருந்தது. ஒரு குழந்தைக்குப் போதுமான மடி. தங்கச்சி தானே வந்து மகளை அதில் உட்கார வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆசாரி குத்தினார். குழந்தை அலறிக்கொண்டு என் வயிற்றில் நாலு உதை விட்டது. பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. இனி அவளோடு எழுந்தாக வேண்டும். வழக்கம்போல என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் ஓடிவந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விசேஷத்துக்கு வந்திருந்த மாஸ்டரைத் தேடினேன்.

தரையெல்லாம் சீர்த்தட்டு. டம்ளரை வைக்க இடமில்லாமல் தண்ணீரோடு கையில் பிடித்துக்கொண்டு தூண் ஓரம் நின்றிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒரு முட்டி போட்டு, ஒரு பாதம் ஊன்றி, பிள்ளையை அணைத்தபடி எழுந்து நின்றேன். துளி சத்தமில்லை. பெருமையாக டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் தளும்பி அவர் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஆடுதே மாஸ்டர்."

"மைன்ஸ்ல வெடி வச்சிருப்பாங்க சார்" என்றார், கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்குச் சுரங்கத்தில் வெடியே வைக்கவில்லை என்று பந்தியில் அந்தோணி அண்ணன் சொன்னார். இன்றுவரை அதை நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.